மேசையைப் பார்க்கும் கேமரா மவுஸ் ஆகாது, முகத்தைப் பார்க்கும் கேமரா ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மவுஸ் பழுதானால் செல்போனையே மவுஸாக்கிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. போனை மேசைமேல் வைத்துத் தேய்த்தால் பின்பக்கக் கேமரா மேசையைப் பார்த்துக் கர்சரை நகர்த்தும் என்பது அதன் சாரம். அதை நம்பிச் செய்து பார்த்தவர்களுக்குக் கர்சர் இம்மியும் நகர்ந்திருக்காது, போன் கேமராவின் கண்ணாடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும். போன் கேமராவைக் கொண்டு கர்சரை நகர்த்துவது நடக்கிற காரியம்தான். ஆனால் குறிப்பில் சொன்ன வழியில் அது நடக்காது. அதனால் உண்மையில் பயன்பெறக்கூடிய, கையை இயக்க முடியாதவர்களைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

மவுஸின் அடியிலும் கேமராதானே இருக்கிறது என்ற எண்ணத்தில் அதை எழுதியிருப்பார்கள். இருப்பது உண்மை. மலிவு விலை மவுஸ்களில் நெடுங்காலம் புழங்கிய ஏடிஎன்எஸ்-2610 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். அது எடுக்கும் படத்தில் 18-க்கு 18, மொத்தம் 324 புள்ளிகள்தான். போன் கேமராவுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அது நொடிக்கு 1,500 படம் எடுக்கும். கையை வேகமாக, நொடிக்கு 30 செ.மீ. நகர்த்தினாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மவுஸ் நகர்ந்திருப்பது 0.2 மி.மீ. மட்டுமே. சிப் பார்க்கும் இடத்தின் அகலம் சுமார் ஒரு மி.மீ. ஆகவே பழைய படத்தில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு புதிய படத்திலும் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிடுவது எளிது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் எல்.இ.டி. வெளிச்சம், மேசைப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிழலாக்கிக் காட்டிவிடும்.

போன் கேமரா வழக்கமாக எடுப்பது நொடிக்கு 30 படம். அதே கைவேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே போன் ஒரு செ.மீ. தள்ளிப் போயிருக்கும். அதற்கு முன்னால் வேறு தடையும் உண்டு. மேசையோடு ஒட்டிக் கிடக்கும் லென்ஸுக்குள் வெளிச்சமே போகாது. பிளாஷை எரியவிட்டாலும் அது தன் கீழுள்ள இடத்தை மட்டும் சுட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமராவுக்கு 8, 10 செ.மீ.க்கு உள்ளே இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. சில பட்ஜெட் போன்களில் 'மேக்ரோ' என்று சேர்த்திருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா மட்டும் 4 செ.மீ. வரை நெருங்கிப் பார்க்கும். விளம்பரத்துக்காக வைத்த அந்தக் கேமராவுக்கு இதுவாவது ஒரு வேலை என்று பார்த்தால், பல போன்களில் வெளிச் செயலிகள் அதைத் தொடவே முடியாது.

சரி, ஒரு சட்டத்தில் பொருத்திப் போனை 10 செ.மீ. உயரத்தில் வைத்தால்? அப்போது சுமார் 12 செ.மீ. அகலம் தெரியும். ஒரு செ.மீ. நகர்வு என்பது 640 புள்ளி அகலப் படத்தில் 50 புள்ளித் தள்ளல். இதைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் போன் ஒவ்வொரு படத்துக்கும் 1/30 நொடி வரை ஒளி வாங்குவதால் படமே 50 புள்ளிக்கு இழுபட்டுக் கலங்கிவிடும். வழவழப்பான சன்மைக்கா மேசையில் ஒப்பிட்டுப் பார்க்க அடையாளமும் கிடைக்காது. செய்தித்தாளை விரித்துப் போட்டால் எழுத்துகள் அடையாளமாகும், இந்த வகையில் தங்கள் நாளிதழ் உதவக்கூடும்! அப்படியும் படம் எடுத்து, கணக்கிட்டு, வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்பி முடிப்பதற்குள் நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தாமதமாகிவிடும். கண் பார்த்துக் கை திருத்திக்கொண்டே இருப்பதுதான் மவுஸ் பிடிப்பு. இத்தனை தாமதத்தில் கை ஒவ்வொரு முறையும் குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். இந்தச் சட்டத்துக்கு ஆகும் செலவில் ஒரு சாதாரண மவுஸ் வாங்கிவிடலாம்.

கடைகளில், அதாவது செயலிக் கடைகளில், 'மவுஸ்' என்ற பெயரில் கிடைப்பவை கேமராவைத் தொடுவதே இல்லை. பெரும்பாலானவை போனின் தொடுதிரையை டச்பேடாக மாற்றுகின்றன. ஆண்ட்ராய்டு 9 முதல் போன் தன்னை ஒரு புளூடூத் மவுஸாகவே கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள வழி இருப்பதால் சிலவற்றுக்குக் கணினியில் எந்த மென்பொருளும் வேண்டாம். வேறு சில, போனில் உள்ள, திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பை வைத்து, காற்றில் ஆட்டும் திசைக்கேற்பக் கர்சரை நகர்த்தும். மவுஸ் கெட்டுப்போய் அவசரம் என்றால் இந்த இரண்டும் போதும். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியை வைத்து மேசையில் தேய்க்கும் வகைச் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் கருவியில் 0.01 மீ/வி² அளவுக்குச் சின்னப் பிழை நிலையாக இருந்தாலே, பத்து நொடியில் கணக்கு அரை மீட்டர் தள்ளிப் போய்விடும்.

கேமராவை மேசைக்குப் பதில் எதிரே உள்ள அறையைப் பார்க்கவிட்டு, படம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போன் நகர்கிறது என்று கணக்கிடும் முறையும் பழையதே. 2005இல் ரஃபேல் பல்லகாஸ், மைக்கேல் ரோஸ், ஜெனிஃபர் ஷெரிடன் ஆகிய ஆய்வாளர்கள் நோக்கியா 6600 போனைக் கையில் பிடித்தபடி, எட்ட இருக்கும் பெரிய திரையில் கர்சரை நகர்த்திக் காட்டினார்கள். 2006இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜிங்டாவ் வாங், ஜான் கேனி ஆகியோரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஷுமின் ஜாயும் 'டைனிமோஷன்' என்ற பெயரில் மோட்டோரோலா போனின் அசைவை அதே முறையில் கணக்கிட்டார்கள். பொது இடத்தில் உள்ள பெரிய திரைக்கு இந்த முறை பொருந்தும். மேசைக் கணினிக்கு முன்னால் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் தோள் கழன்றுவிடும்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறோம். போன் கேமராவை, கணினியைப் பயன்படுத்துபவரின் முகத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் மேலே சொன்ன தடைகளில் பெரும்பாலானவை போய்விடுகின்றன. முகம் மெதுவாகத்தான் திரும்பும், தெளிவாகத் தெரியும் தூரத்தில் இருக்கும், கண், மூக்கு, புருவம் என்று அடையாளங்களுக்கும் குறைவில்லை. தலையைத் திருப்பினால் கர்சர் நகரும், ஓரிடத்தில் நிறுத்தினால் கிளிக் ஆகும். கழுத்துத் தண்டுவடத்தில் சி-4 (நான்காம் கழுத்தெலும்பு) மட்டத்தில் அடிபட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், மூளை முடக்குவாதத்தால் கை கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோருக்கு இது மவுஸுக்கு மாற்று அல்ல, இதுதான் மவுஸ். பாஸ்டன் கல்லூரியின் ஜேம்ஸ் கிப்ஸும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்கிரிட் பெட்கேயும் உருவாக்கிய 'கேமரா மவுஸ்' விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள். 'ஈவியாகேம்' விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், அதுவும் இலவசம். மேக் கணினியில் கேட்டலினா பதிப்பின் 2020 புதுப்பிப்பு முதல் 'ஹெட் பாயின்டர்' உள்ளேயே இருக்கிறது. கூகுள் 2023இல் வெளியிட்ட 'கேம்ஃபேஸ்', புருவம் தூக்குவது, வாய் திறப்பது போன்ற முகபாவங்களையும் கிளிக்காக மாற்றும், ஆனால் பழைய கணினியில் திணறும். முதலில் ஈவியாகேமில் தொடங்குவதே நல்லது.

போன் எதற்கு என்றால், வீட்டில் உள்ள மேசைக் கணினியில் வெப்கேம் இருப்பதில்லை, பழைய மடிக்கணினியில் இருப்பது மங்கல். அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் அதைவிட நன்றாகப் பார்க்கும். 'டிராய்ட்கேம்' அல்லது 'ஐரியன் வெப்கேம்' செயலியைப் போனிலும், அதன் துணை மென்பொருளைக் கணினியிலும் நிறுவ வேண்டும். வைஃபையைவிட யு.எஸ்.பி. கேபிளே மேல், தாமதம் குறையும், படம் விட்டுவிட்டு வராது. டிராய்ட்கேமில் கேபிள் வழியாக இணைக்க, போனின் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் உள்ள பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, புதிதாகத் திறக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்க வேண்டும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் கணினி போனைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் வரும் மலிவுக் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. ஆண்ட்ராய்டு 14 உள்ள சில போன்களில் கேபிளைச் செருகியதும் வரும் யு.எஸ்.பி. தேர்வுகளில் 'வெப்கேம்' என்றே இருக்கும், அப்போது எந்தச் செயலியும் வேண்டாம்.

பின்கேமரா உசத்தி என்று அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும்போதெல்லாம் முகம் பெருத்துச் சிறுத்து, கர்சர் தானாக நெளியும். ஃபோகஸைப் பூட்ட முடியாவிட்டால், குவியம் மாறாத முன்கேமராவே நல்லது. கர்சர் எதிர்ப்பக்கம் ஓடினால் பதற வேண்டாம், செயலியில் 'மிரர்' அல்லது 'ஃபிளிப்' தட்டினால் சரியாகும். அழகூட்டும் ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்தையும் மெழுகிப் பூசிய பிறகே அனுப்பும்.

தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 65 டிகிரி அகலம் பார்க்கும் கேமராவை முகத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால் 76 செ.மீ. அகலம் படத்தில் விழும். 640 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 1.2 மி.மீ. தலையை இடமும் வலமும் பத்துப் பத்து டிகிரி திருப்பினால் மூக்கு நுனி நகர்வது மொத்தம் 4 செ.மீ. சொச்சம், அதாவது 35 புள்ளி. அந்த 35 புள்ளியைக் கொண்டு 1,920 புள்ளித் திரையைக் கடக்க வேண்டுமானால், கேமராவில் ஒரு புள்ளி ஆடினாலே திரையில் கர்சர் 55 புள்ளி தாவும். ஒரு ஐகானின் அகலத்தைவிட அதிகம். போனை 35 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் இது 32 ஆகக் குறையும். மென்பொருள் புள்ளிக்குள் புள்ளியாகக் கணக்கிட்டு நடுக்கத்தை இன்னும் தணித்துவிடும் என்றாலும், கிட்டத்தில் வைப்பதற்கு ஈடாகாது. ஆகவே போனை மானிட்டரின் மேல் ஒட்டுவதைவிட, மானிட்டருக்குக் கீழே, நடுவில், பயன்படுத்துபவரை நோக்கி முன்தள்ளி நிறுத்துங்கள். ஓரமாக வைத்தால் தலையை மேலும் கீழும் ஆட்டும்போது கர்சர் சாய்வாக ஓடும். ஸ்டாண்டை அதே மேசையில் வைக்காமல் தனியே நிறுத்த முடிந்தால் நல்லது. மேசை அதிர்ந்தால் அந்த ஆட்டம் அப்படியே கர்சரில் தெரியும்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கரும்பட்டையாகிவிடும். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே நொடிக்கு 15 படத்துக்கு இறங்கும், கர்சர் நொண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை மினுங்கும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், கேமரா அமைப்பில் ஆன்டி-பேண்டிங் என்பதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கேமரா மவுஸில் முகத்தில் ஓரிடத்தை நாமே தொட்டுக் காட்ட வேண்டும். மூக்கு நுனியைக் காட்டுவதே வழக்கம். அது வழுக்கிக்கொண்டே போனால் புருவ நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி அதைக் காட்டுங்கள், பிடி விடாது. கண்ணாடியின் விளிம்பைக் காட்டலாம், கண்ணாடிச் சில்லைக் காட்டினால் அதில் விழும் பிரதிபலிப்பு ஏமாற்றும். ஈவியாகேம் முகத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

ஈவியாகேமில் மாற்ற வேண்டியவை நான்கைந்துதான். தலையை மேல் கீழாக ஆட்டும் தூரம் பக்கவாட்டைவிடக் குறைவு என்பதால் மேல்-கீழ் வேகத்தை ஒன்றிரண்டு படி கூட்டி வையுங்கள். தலை தானாக நடுங்குபவர்களுக்கு ஸ்மூத்னெஸையும் (நடுக்கத்தைத் தணிப்பது), மோஷன் த்ரெஷோல்டையும் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது) உயர்த்த வேண்டும். ரொம்பவும் உயர்த்தினால் கர்சர் சேற்றில் நடப்பதுபோல் இழுக்கும். நிறுத்திக் கிளிக் செய்யும் நேரத்தைப் புதியவருக்கு ஒன்றரை நொடியில் தொடங்கிப் பழகப் பழகக் குறைக்கலாம். படித்துக்கொண்டிருக்கும்போது கர்சர் நின்ற இடமெல்லாம் கிளிக் ஆகித் தொல்லை கொடுக்கும், அப்போது கிளிக் பலகையில் 'நோ கிளிக்' பொத்தானில் ஒருமுறை நின்றுவிட்டால் போதும். வலது கிளிக், இரட்டைக் கிளிக், இழுத்தல் எல்லாம் அதே பலகையில் உள்ளன. விண்டோஸில் எழுத்து, ஐகான் அளவை 150 சதவீதமாக்குவது மென்பொருளில் செய்யும் எந்த நகாசு வேலையைவிடவும் பலன் தரும்.

நேரம் போகப் போகத் தலை நேராக இருக்கும்போது கர்சர் ஓரத்தில் போய் நிற்கும். இதைக் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மூடித் திறக்கிறார்கள். தேவையில்லை. கர்சர் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்க விளிம்பில் முட்டும்படி தலையை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டு மெல்லத் திரும்பினால் நடுவுக்கு வந்துவிடும். மேசை விளிம்பில் மவுஸைத் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அதே காரியம்தான்.

தமிழில் எழுத விண்டோஸின் திரை விசைப்பலகை போதும். தளவமைப்பாகத் தமிழ் 99-ஐ வையுங்கள். 12 உயிரும் 18 மெய்யும் ஷிப்ட் இல்லாமலே கிடைப்பதால் 'எழுது' என்ற சொல்லுக்கு ஐந்து கிளிக் போதும். இன்ஸ்கிரிப்ட் என்ற மற்றொரு தளவமைப்பில் 'எ', 'ழ' இரண்டுக்கும் ஷிப்டைத் தனியே தட்ட வேண்டியிருப்பதால் ஏழு கிளிக் ஆகும். விரலால் தட்டுபவருக்கு இது பெரிதல்ல, கழுத்தால் தட்டுபவருக்குப் பெரிது. திரை விசைப்பலகைக்கே 'மேலே நின்றால் எழுத்து விழும்' என்ற அமைப்பு உண்டு. அதையும் ஈவியாகேமின் கிளிக்கையும் ஒருசேர இயக்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை விழும், ஒன்றை அணைத்துவிடுங்கள். பேச்சு தெளிவாக உள்ளவர்கள் எழுத்துக்குக் குரல் தட்டச்சையும், சுட்டுவதற்கு மட்டும் தலையையும் பயன்படுத்தினால் பாதிக் களைப்பு மிச்சம்.

இரண்டு இடங்களில் தலை மவுஸ் செத்துவிடும், முன்னரே தெரிந்திருந்தால் பதற்றம் இராது. விண்டோஸில் லாகின் செய்யும்வரை ஈவியாகேம் ஓடாது. மென்பொருள் நிறுவும்போது திரை மங்கி அனுமதி கேட்கும் இடத்திலும் கர்சர் அசையாது, பக்கத்தில் ஒருவர் இருந்து அழுத்த வேண்டும். லினக்ஸில் வேய்லேண்ட் என்ற புதிய திரை முறை பிற மென்பொருள் கர்சரைத் தொட விடாது. லாகின் திரையில் 'எக்ஸ்ஓஆர்ஜி' தேர்வு இருந்தால் அதில் நுழையுங்கள்.

போனைப் பொறுத்தவரை, சிம்மைக் கழற்றிவிடுங்கள், அழைப்பு வந்தால் படம் நின்றுவிடும். பேட்டரி சிக்கனம் செயலியை இடையில் மூடிவிடாதபடி விலக்கு கொடுங்கள். கேமரா மணிக்கணக்கில் ஓடினால் போன் கொதிக்கும், கொதித்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே கவரைக் கழற்றி, திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்து வையுங்கள். பேட்டரி உப்பியிருக்கும் பழைய போனை இதற்கு எடுக்கவே கூடாது. வைஃபையில் இணைப்பவர்கள், ரவுட்டர் அணைந்து எரிந்ததும் போனின் ஐ.பி. எண் (வலையமைப்பில் அதன் முகவரி) மாறி இணைப்பு விட்டுப்போவதைப் பார்ப்பார்கள். ரவுட்டர் அமைப்பில் அந்தப் போனுக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிடலாம். கடவுச்சொல் இல்லாமல் வைஃபையில் விடும் கேமராவை அதே வைஃபையில் இருக்கும் யாரும் பார்க்க முடியும். விடுதி, கல்லூரி போன்ற பொது வைஃபையில் கேபிள் மட்டுமே சரி.

கழுத்தைப் பற்றி ஒரு சொல். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலர் அணிந்திருப்பவர்கள், எவ்வளவு திருப்பலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மேசையில் தேய்க்கும் முறைக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதோடு, இடம் இருந்தால், ஈவியாகேமை நிறுவும் முறையைத் திரைப் படங்களுடன் கணினிப் பக்கத்தில் தர வேண்டும். ஒரு முறை அமைத்துக் கொடுக்க வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும், அமைப்பவர் கணினி படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உதவிக் கருவிப் பயிற்றுநர்கள்,
மதுரை.